விடுதியில் ஒரு பூனைக்குட்டி



சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் பிப்ரவரி மாதத்தில் என் அறைக்கு வந்தார். கம்பரைப் பற்றி ஒருவரும், செயற்கை நுண்ணறிவைப் பற்றி இருவரும், தில்லிக் குளிரைப் பற்றி ஒருவரும் எழுதிக் கொடுத்துவிட்டனராம். "அப்படியானால் நான் எதைப் பற்றி எழுதுவது?" என்று கேட்டேன். என் புத்தகங்களின்மேல் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்த பூனைக்குட்டியைச் சுட்டிக் காட்டி, "உனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதானே? இதையே எழுதப்பா" என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எண்ணிப் பார்த்தபோது அது வேடிக்கை அன்று என்று தோன்றியது. ஆண்டுதோறும் நம் விடுதிகளில் ஏதேனும் ஒரு படிக்கட்டின் அடியிலோ, மிதிவண்டிக் கொட்டகையிலோ தாயற்ற பூனைக்குட்டிகள் அகப்படுகின்றன. இரக்கமுள்ள மாணவர் ஒருவர் அதை எடுத்து வருகிறார். கிண்ணத்தில் பால் வைக்கிறார். சில நாட்களில் குட்டி இறந்துவிடுகிறது. அல்லது பிழைத்து வளர்ந்து, கோடை விடுமுறை வந்ததும் மீண்டும் அநாதையாகிறது. இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை நான் ஓர் உயிரை இழந்தே கற்றேன். அந்தக் கதையை முதலில் கூறிவிடுகிறேன்.

இரண்டு குட்டிகள்

எங்கள் மெஸ்ஸின் பின்புறத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை நடமாடிக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு நவம்பர் நடுவில் ஒரு மாலை, அது வெளிச்சாலையில் வண்டி மோதி இறந்து கிடப்பதைக் காவலாளி கண்டு வந்து சொன்னார். "அதற்குக் குட்டிகள் உண்டே!" என்று நினைவூட்டியவரும் அவரே. கைவிளக்கை எடுத்துக்கொண்டு தேடினோம். காலி எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த மூலையில் இரண்டு குட்டிகள் இருந்தன. ஒன்று எங்களைக் கண்டதும் முதுகை வளைத்துச் சீறிற்று. மற்றொன்று அதைவிடச் சிறியது; வெள்ளை நிறம்; அசையவில்லை. கையில் எடுத்தபோது ஈர மண்ணைத் தொட்டாற்போல் குளிர்ந்திருந்தது.

இரண்டையும் அறைக்குக் கொண்டுவந்தேன். என் அறை நண்பன் மதுரைக்காரன். "என்னடா இது! இங்கே நமக்கே படுக்க இடமில்லை" என்றான். ஆனால் சொல்லிக்கொண்டே தன் பழைய ஸ்வெட்டரை எடுத்து விரித்தான். நான் ஓடிப்போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்தேன். பசித்த பூனைக்குட்டிக்குப் பால் கொடுப்பதைவிட நல்ல காரியம் வேறு என்ன இருக்க முடியும்? வெள்ளைக் குட்டியைக் கைக்குழந்தையைப்போல மல்லாத்திப் பிடித்துக்கொண்டு, சொட்டு மருந்துக் குப்பியின் ஃபில்லரால் பாலை வாயில் விட்டேன். கொஞ்சம் மூக்கின் வழியே வந்தது. குடிக்கிறது என்றே நினைத்து மகிழ்ந்தேன். விடிவதற்குள் அது இறந்துவிட்டது.

மறுநாள் காலை, மற்றொன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். இரவு நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவர் வயது முதிர்ந்தவர், கடிந்து பேசவில்லை. என் தவறுகள் மூன்று என்றார். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. அப்போது உணவு கொடுத்தது முதல் தவறு. மல்லாத்தி ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டாம் தவறு அது. பூனைக்குட்டிக்குப் பசும்பால் கொடுத்தது மூன்றாவது. "முதலில் சூடேற்றியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும், பேட்டா" என்று முடித்தார். அந்த 'ஒருவேளை' இன்றும் என் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

பிழைத்த குட்டி பெண். எடை 360 கிராம். வயது ஏறத்தாழ நான்கு வாரம். கறுப்பும் சாம்பலும் கலந்திருந்த அதற்கு 'மிளகு' என்று பெயரிட்டோம். ளகரம் வாராத வடநாட்டு நண்பர்களுக்கு அது 'மிலகு' ஆயிற்று. விடுதிக் காப்பாளரிடம் உண்மையைச் சொல்லி அனுமதி கேட்டோம். ஆண்டுத் தேர்வுக்கு முன் நல்லதோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் இசைந்தார். ஆகவே எனக்கு இருந்தது சில மாதங்களே. அதற்குள் அது பிழைக்கவும் வேண்டும். மனிதரோடு வாழப் பழகவும் வேண்டும்.

தாய் எங்கே?

குட்டியைக் கண்டதும் எடுத்துவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம். அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்திற்குக் கவ்விச் சென்றுகொண்டிருக்கலாம். குட்டிகள் தூய்மையாக, வயிறு நிறைந்து, அமைதியாக உறங்கினால் தாய் இருக்கிறாள் என்றே கொள்க. தொலைவில் நின்று சில மணி நேரம் பாருங்கள். நாம் அருகில் நின்றால் அவள் வரமாட்டாள். காத்திருக்க நேரமில்லையென்றால், குட்டிகளைச் சுற்றிலும் சிறிது கோதுமை மாவைத் தூவிவிட்டுச் செல்லலாம். பின்பு வந்து பார்க்கும்போது மாவில் பெரிய பூனையின் அடிச்சுவடு இருந்தால் தாய் வந்து போயிருக்கிறாள். உலகில் எந்த மாற்றுப்பாலும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. குட்டி அழுக்கேறி, ஓயாமல் கத்திக்கொண்டு, அல்லது குளிர்ந்து சோர்ந்து கிடந்தால் மட்டும் தயங்காமல் எடுக்க வேண்டும்.

எடுத்தவுடன் வயதை அறிந்துகொள்ள வேண்டும். செய்ய வேண்டியவை யாவும் வயதைப் பொறுத்தவை. கண் திறவாத குட்டி பெரும்பாலும் பத்து நாட்களுக்கு உட்பட்டது. கண் திறந்தும் தள்ளாடித் தவழ்ந்தால் இரண்டு முதல் மூன்று வாரம். காது நிமிர்ந்து, முன்பற்கள் அரும்பி, நடக்கத் தொடங்கினால் மூன்று முதல் நான்கு வாரம். ஓடி விளையாடினால் ஐந்து வாரத்திற்கு மேல். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் கண் நீலமாகவே இருக்கும். ஆறு, ஏழு வாரமளவில் உரிய நிறம் ஏறத் தொடங்கும். எடையும் ஒரு கணக்குக் காட்டும். நன்கு வளரும் குட்டி நான்கு வாரத்தில் ஏறத்தாழ 450 கிராமும், எட்டு வாரத்தில் 900 கிராமும் இருக்கும். மிளகு 360 கிராமே இருந்தது. பசித்து வளர்ந்த குட்டி என்பது அதிலிருந்தே விளங்கும்.

முதலில் சூடு

பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். நம்முடையதைவிடச் சற்று மிகுதி. நான்கு வாரத்திற்கு உட்பட்ட குட்டியால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள இயலாது. தாயின் வயிறும் உடன்பிறந்தாரின் உடம்புமே அதன் அடுப்பு. தில்லியின் நவம்பர் இரவுகளில் தாயற்ற குட்டி எவ்வாறு பிழைக்கும்?

விடுதி அறையில் செய்யக்கூடிய வழி எளியது. பிளாஸ்டிக் புட்டியில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் வையுங்கள். மறு பாதி வெறுமையாக இருக்கட்டும். சூடு மிகுந்தால் குட்டி விலகிச் செல்ல இடம் வேண்டும். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும். அழுக்கைப் போக்குகிறேன் என்று முதல் நாளில் குளிப்பாட்டுவது கொலைக்கு ஒப்பாகும். கைவிரலைப் பாதங்களில் வைத்துப் பார்த்து, அவை வெதுவெதுப்பானபின் உணவைப் பற்றி எண்ணுங்கள்; அதற்கு முன்னர் வேண்டா.

பாலும் தயிர்ச்சோறும்

பூனை என்றால் பால் என்பது நம் நெஞ்சில் ஊறிய எண்ணம். பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக் கம்பரே அவையடக்கம் பாடியிருக்கிறார். உவமை அழகானது, ஆயினும் குட்டிக்குப் பசும்பால் ஆகாது. பூனையின் பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழப் பாதியே பசும்பாலில் உள்ளது. கொழுப்பும் குறைவு. பசும்பாலின் சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். அரைக் கிலோ எடையும் இல்லாத உடம்பில் வயிற்றுப்போக்கு ஒரு நாளில் நீரை வற்றச் செய்துவிடும்.

பூனைக்குட்டிக்கென்றே செய்த பால்மாவு கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதை வெந்நீரில் கரைத்து, வெதுவெதுப்பாகச் சிறு புட்டியில் கொடுக்க வேண்டும். குட்டி வயிறு கீழாக, தாயிடம் குடிப்பதைப்போலவே படுத்திருக்க வேண்டும். தலையை அண்ணாத்தக் கூடாது. பாலைப் பீய்ச்சக் கூடாது. அதுவே உறிஞ்ச வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நான்காம் வாரங்களில் நான்கு முதல் ஆறு மணிக்கு ஒரு முறை போதும். மூன்று வாரத்திற்கு உட்பட்ட குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. ஒவ்வொரு முறை பால் கொடுத்தபின்னும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அதன் பின்புறத்தை மெல்ல ஒற்றிவிட வேண்டும். தாய் நாவால் செய்வதை நாம் பஞ்சால் செய்கிறோம், அவ்வளவே.

நான்கு வாரம் முதல், பூனைக்குட்டிக்கான மென்மையான உணவை மாற்றுப்பாலில் குழைத்துத் தட்டில் வைக்கலாம். எட்டு வாரத்தில் பால் தேவையில்லை; நீரும் உணவும் போதும்.

இங்கே நம் நண்பர்களில் சைவ உணவினருக்கு ஒரு சொல். தயிர்ச்சோறு தின்று வளர்ந்த பூனையை நம் ஊரில் எல்லாரும் கண்டிருக்கிறோம். அது தயிர்ச்சோற்றால் வளரவில்லை. நாம் காணாத நேரத்தில் பிடித்த எலியாலும் பல்லியாலும் வளர்ந்தது. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. காய்கறியிலும் தானியத்திலும் இல்லை. அதைப் போதிய அளவு தன் உடம்பில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயம் விரிந்து தளரும் என்பது 1987இலும் ஆய்வால் வெளிப்பட்டன. அறைக்குள் அடைபட்ட குட்டிக்கு எலி ஏது? நாம் கொடுப்பதே அதன் உலகம். ஆதலின் இறைச்சி உணவு கொடுக்க மனம் இடந்தராதவர், குட்டியை வேறொரு நண்பரிடம் ஒப்படைப்பதே அறம். மெஸ் குழம்பில் கிடக்கும் கோழித்துண்டை எடுத்துக் கொடுப்பதும் தவறு. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும்.

சீறுவது சினமன்று

உடம்பு தேறுவது ஒரு பாதிதான். மனிதரைக் கண்டு அஞ்சாதிருக்கக் கற்பது மறு பாதி. பூனைக்குட்டி எவரை நம்பலாம், எதற்கு அஞ்சலாம் என்று கற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம்வரை என்று ஆய்வாளர் கூறுவர். அப்பருவத்தில் மனிதர் கையே படாத குட்டி, பின்னர் மனிதரை ஒரு கொடிய விலங்கு என்றே கருதும். அதற்குப் பிறகு பழக்க இயலாது என்பதில்லை; ஆனால் வாரங்களில் ஆவது மாதங்களில் ஆகும். மிளகு வந்தபோது நான்கு வாரம் கடந்திருந்தது. எனக்கு எஞ்சியிருந்த நல்ல காலம் ஏறத்தாழ மூன்று வாரமே.

முதல் வாரம் அதை எடுக்கப் போன என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. பல்லும் நகமும் காட்டும் குட்டியை முரட்டுக் குட்டி என்கிறோம். அது முரடு அன்று, அச்சம். தன்னைவிட நூறு மடங்குக்கு மேல் எடையுள்ள ஓர் உருவம் குனிந்து பிடிக்க வருகிறது. சீறுவதைத் தவிர அதனிடம் வேறு படைக்கலம் ஏது? அடிப்பதும் அதட்டுவதும், 'நீ அஞ்சியது சரியே' என்று அதற்குக் கற்பிப்பதாகும்.

நாங்கள் செய்த முறையைக் கூறுகிறேன்.

அறை முழுவதையும் அதற்கு விடவில்லை. விட்டால் கட்டிலின் அடியில் நாட்கணக்கில் ஒளிந்திருக்கும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் அட்டைகளால் ஒரு சிறு வேலி கட்டினோம். உள்ளே ஒரு மூலையில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. மறு மூலையில் மணல் தட்டு. ஒளியும் இடத்திற்குள் ஒருபோதும் கைவிடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அது அதன் வீடு.

முதல் மூன்று நாட்கள் நான் வேலியருகே தரையில் பக்கவாட்டில் அமர்ந்து, அதைப் பாராமல், என் பாடங்களை உரக்கப் படித்தேன். பொருளாதார முதற்பாடங்கள் முழுவதையும் மிளகு கேட்டிருக்கிறது. மனிதக் குரல் தீங்கு செய்யாது என்று அது அறிய வேண்டும், வேறொன்றும் இல்லை.

பிறகு உணவைத் துணையாகக் கொண்டேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விடாமல், நான் இருக்கும்போது மட்டும் உண்ணுமாறு செய்தேன். நாள்தோறும் தட்டு ஒரு சாண் என்னை நெருங்கிற்று. அடுத்து, நீண்ட கரண்டியின் நுனியில் உணவைத் தடவி நீட்டினேன். சீறிக்கொண்டே நக்கிற்று. சீறும்போது கையை வெடுக்கென்று இழுக்கவில்லை, முன்னேயும் நீட்டவில்லை, அப்படியே நிறுத்திக்கொண்டேன். அடுத்த முறை சற்றுத் தள்ளித் தொடங்கினேன். கரண்டிக்குப் பின் விரல். விரலை நக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு கையின் ஒரு விரலால் கன்னத்தையும் தாடையையும் தடவினேன். வயிற்றைத் தொடலாகாது, அதுதான் அதன் பாதுகாப்பற்ற இடம். இவற்றுக்குப் பின்னரே துண்டில் சுற்றி, நான்கு பாதங்களும் தாங்கலாக, மடியில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் அரை நிமிடம். மறுநாள் ஒரு நிமிடம். அது திமிறுவதற்கு முன்பே இறக்கிவிடுவதுதான் இதில் முக்கியம்.

'பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம்' என்று நாம் ஏளனமாகக் கூறுவோம். பூனை கண்ணை மூடுவதன் பொருள் வேறு. உற்று நோக்குவது பூனைகளிடையே பகைக் குறி. கண்ணைப் பாதி மூடி மெல்லச் சிமிட்டுவது 'உன்னிடம் எனக்கு அச்சமில்லை' என்பதாகும். நாம் அவ்வாறு சிமிட்டினால் பூனையும் சிமிட்டுகிறது, அருகில் வரவும் இசைகிறது என்று இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் ஆய்ந்து வெளியிட்டனர். நான் நாள்தோறும் வேலியருகே அமர்ந்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தேன். அறை நண்பன் என் புத்தி பேதலித்துவிட்டது என்றான். ஒன்பதாம் நாள் இரவு, வாயிற்படியில் அமர்ந்ததுபோல் தன் பெட்டியின் விளிம்பில் அமர்ந்து, மிளகு என்னைப் பார்த்து மெல்லக் கண்ணை மூடித் திறந்தது. அன்றிரவு அவனும் தரையில் அமர்ந்து சிமிட்டலானான்.

விளையாட்டிலும் ஒரு விதி உண்டு. கைவிரலை விளையாட்டுப் பொருளாக்கக் கூடாது. இன்று வேடிக்கையாகக் கடிக்கும் பல் மூன்று மாதத்தில் கூர்மையாகும். உடன்பிறந்த குட்டியோடு வளர்வது, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அதனிடமே கற்கும். மிளகுக்கு அந்த வாய்ப்பை நான்தானே கெடுத்தேன்? அதனால் குச்சியில் கட்டிய காகிதப் பந்தைக் காட்டினோம். கையைக் கடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து சென்றோம். அது விரைவில் புரிந்துகொண்டது.

பல கைகள்

குட்டி என்னிடம் பழகியதும் எனக்குச் சிறிது கர்வம் வந்தது. வேறு யார் வந்தாலும் கட்டிலடியில் ஓடிவிடும். என்னைக் கண்டால் மட்டும் வரும். இது பெருமைக்குரிய அன்பென்று நினைத்தேன். மருத்துவர்தாம் திருத்தினார். "நீ படிப்பு முடித்துப் போய்விடுவாய். பிறகு?" என்று கேட்டார்.

அப்போதுதான் இதைப் பற்றிப் படித்தேன். 1967இல் கொல்லார்ட் என்பவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒருவர் மட்டும் கையாண்ட குட்டிகள், ஐவர் கையாண்ட குட்டிகள், யாரும் கையாளாத குட்டிகள் என மூன்று வகை. அயலாரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சியவை ஐவர் கையில் வளர்ந்தவை. பின்னர் 1980களில் ஐலீன் கார்ஷ் என்பவர், நாள்தோறும் 15 நிமிடம் கையாண்ட குட்டிகளையும் 40 நிமிடம் கையாண்டவற்றையும் ஒப்பிட்டார். மிகுதியாகக் கையாளப்பட்டவையே மனிதரை எளிதில் நாடின.

மாணவர் விடுதியில் கைகளுக்கா பஞ்சம்? முறை வைத்துக்கொண்டோம். காலையில் நான், பிற்பகல் அறை நண்பன், மாலையில் எதிரறைப் பீகார் நண்பர், இரவு உணவுக்குப் பின் ஒரியா நண்பர் இருவர். ஒவ்வொருவரும் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொள்வர். கண்ணாடி அணிந்தவர், தாடி வைத்தவர், உரக்கச் சிரிப்பவர், மெல்லப் பேசுபவர் என எல்லாரையும் அது கண்டது. கம்பளிக் குல்லாயும் அதற்குப் பழக்கமாயிற்று. டிசம்பர் விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றபோது பீகார் நண்பர் பத்து நாட்கள் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்ததும், "உணவைக் குறைத்ததா?" என்று ஆவலோடு கேட்டேன். "இல்லவே இல்லை" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சிறிது வருத்தம்தான். ஆனால் நாங்கள் வேண்டியது அதுவே அன்றோ?

அறையில் உள்ள நஞ்சுகள்

நம் மேசை அறையில் எப்போதும் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நம் கல்லீரல் அதை முறித்து வெளியேற்றும். அதற்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. குட்டிக்குச் சுரம் என்று கால் மாத்திரை கொடுப்பவர் அதைக் கொன்றவராவார். தரை துடைக்கும் பினாயிலும் அதே காரணத்தால் ஆகாது. தரையில் மிதித்துப் பாதத்தை நக்கினாலே உடம்பில் சேரும். எங்கள் அறையை மட்டும் சோப்பு நீரால் நாங்களே துடைத்துக்கொண்டோம். நாய்க்குரிய உண்ணிப்பொடியில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு நஞ்சு. ஊசி நூலையும் நூற்கண்டையும் வெளியில் வைக்கக் கூடாது. விழுங்கிய நூல் குடலை அறுக்கும். நீர் நிறைந்த வாளியை மூடி வையுங்கள். மாடி அறையானால் சன்னலுக்கு வலை கட்டுங்கள்.

நமக்கும் ஓர் எச்சரிக்கை. தெருவிலிருந்து வந்த குட்டி கடித்தாலோ, இரத்தம் வருமாறு பிறாண்டினாலோ 'சிறு கீறல்தானே' என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோய் கண்டபின் பிழைத்தவர் மிக மிக அரியர். காயத்தை உடனே குழாய் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என் கட்டைவிரலுக்காக நான் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் நான்கு முறை சென்று ஊசி போட்டுக்கொண்டேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மணல் தட்டைப் பற்றிக் கவலை வேண்டா. நான்கு வார அளவில் மண்ணைத் தோண்டி மூடும் இயல்பு தானே வந்துவிடும். உண்டபின்னும் உறங்கி எழுந்தபின்னும் தட்டில் இறக்கிவிட்டால் போதும். தட்டு தாழ்ந்ததாகவும், நாள்தோறும் தூய்மை செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

ஊசியும் அறுவையும்

பெரும்பாலான தெருக்குட்டிகள் தாய்ப்பால் வழியே வயிற்றுப் புழுவைப் பெற்றிருக்கும். மெலிந்த உடம்பும் பருத்த வயிறும் அதற்கு அடையாளம். புழு மருந்தை எடைக்கேற்ப மருத்துவர் கொடுப்பார். இரு வாரங்களுக்கு ஒரு முறை மீண்டும் கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம்வரை தொடர வேண்டும். பூனைகளை வாரிக்கொண்டு போகும் குடல் நோயையும் இரு வகைச் சளி நோயையும் அது தடுக்கும். வெறிநோய்த் தடுப்பூசி பன்னிரண்டு வாரத்திற்குப் பின்.

கருத்தடை அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே கருவுறக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். இன்று ஒரு குட்டியைக் காத்துவிட்டு அறுவையை மறந்தவர், அடுத்த ஆண்டு எண்ணெய் டின்களின் மூலையில் நான்கு குட்டிகளைப் பிறப்பித்தவராவார். மிளகுக்குப் பிப்ரவரி இறுதியில், எடை இரண்டு கிலோவை எட்டியபோது, அறுவை செய்தோம். செலவை ஏழு பேர் பகிர்ந்துகொண்டோம்.

பிரியும் நாள்

படிப்பு முடியும்போது வளர்த்த பூனையைக் கொண்டுபோய் எங்கேனும் ஒரு சந்தை அருகில் விட்டுவிடுவோர் உண்டு. 'பூனைதானே, பிழைத்துக்கொள்ளும்' என்பர். தட்டில் உணவும் மடியில் உறக்கமும் அறிந்த பூனை, நாய்களும் வண்டிகளும் நிறைந்த தெருவில் எவ்வாறு பிழைக்கும்? விலங்குகளைப் பசியும் நீர்வேட்கையும் வாட்டும் நிலையில் தகுந்த காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பழக்கிய பின் கைவிடுவதைவிடப் பழக்காமலே விட்டிருப்பது நல்லது. மனிதனை நம்பக் கற்பித்துவிட்டு, அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவது எவ்வளவு கொடுமை!

நாங்கள் சனவரியிலிருந்தே இல்லம் தேடினோம். மயூர் விகாரில் வாழும் தமிழ் அம்மையார் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, இசைந்தார். முதலில் இரண்டு ஞாயிறு அவரை விடுதிக்கு வரச் சொல்லி, வரவேற்பறையில் மிளகைக் காட்டினோம். மூன்றாம் ஞாயிறு, அதன் பழைய ஸ்வெட்டர், மணல் தட்டு, தடுப்பூசிச் சீட்டு ஆகியவற்றோடு கொண்டுபோய் விட்டோம். புது வீட்டிலும் முதலில் ஒரு சிறு அறையில் மட்டும் வைத்திருக்குமாறு சொன்னேன். "தம்பி, முப்பது வருஷம் பிள்ளைகளைப் பழக்கினவள் நான், பூனையைப் பழக்க மாட்டேனா?" என்று சிரித்தார்.

நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே மிளகு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நாற்காலிக் கால்களை முகர்ந்தது. அம்மையாரின் சேலைத் தலைப்பைச் சிறிது நேரம் பார்த்தது. பின்பு அவர் அருகில் சென்று அமர்ந்துகொண்டது. நான் எழுந்து கதவைச் சாத்தியபோது திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பேருந்தில் வரும்போது என் நண்பன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது மெஸ்ஸின் பின்புறத்தில் மற்றொரு பூனை நடமாடுகிறது, வயிறு பெருத்திருக்கிறது. காவலாளி என்னை அழைத்துக் காட்டினார். அட்டைப்பெட்டியையும் புட்டியையும் எடுத்து வைத்திருக்கிறேன். மருத்துவரின் தொலைபேசி எண்ணைக் காவலாளியின் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். நான் மே மாதத்தில் போய்விடுவேன். அடுத்த குளிர்காலத்தில் இவ்விடுதியில் இருக்கப்போகும் தம்பிமார்களுக்கும் தங்கையருக்குமாகவே இதை எழுதினேன். குட்டி அகப்பட்டால் முதலில் பாலைத் தேடி ஓடாதீர்கள். வெந்நீரைத் தேடி ஓடுங்கள்.